உறுமும் குட்டை

லக்சிகாவின் தெரு ஒரு கம்பி வேலியில் போய் முடிந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் ட்ருகனினா என்ற புறநகரின் புது வீடுகள். அந்தப் பக்கம், போன வருடம்வரை ஒருவர் ஆடு வளர்த்த பண்ணை நிலம். அவர் நிலத்தை விற்றுவிட்டுப் போய்விட்டார். பண்ணை வீட்டையும் இடித்துவிட்டார்கள். புகைபோக்கி மட்டும் புல்லுக்கு நடுவே தனியாக நின்றது.

செப்டம்பர் கடைசி, வசந்தகாலப் பள்ளி விடுமுறையின் முதல் வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணியாகியும் மூடுபனி விலகவில்லை. லக்சிகா குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். குப்பை லொறி உறுமிக்கொண்டே தெருமுனையில் திரும்பிப் போனது.

லொறி போய்விட்டது. ஆனால் உறுமல் போகவில்லை.

"க்ர்ர்ராக்... க்ர்ர்ராக்... க்ரொக்."

அது வேலிக்கு அப்பாலிருந்து, பனிக்குள்ளிருந்து வந்தது.

பக்கத்து வீட்டு ஹரிப்பிரியா வாசலுக்கு ஓடி வந்தாள். "கேட்டியா, லக்சி? அது அந்தப் பண்ணைக்காரரோட ஆவியாம். நிலத்தை விட்டுப் போக மனசில்லாம கத்துதுன்னு எங்க அண்ணன் சொன்னான்."

"அவர் சாகேல்லையே! போன கிழமை கடையில முட்டை வாங்கிக்கொண்டு நிண்டவர்."

ஹரிப்பிரியா யோசித்தாள். "அப்போ வேற யாரோட ஆவியோ."

லக்சிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய அப்பா கஜீவன் மண் தோண்டும் இயந்திரம் ஓட்டுபவர். அந்த நிலத்தில் ஒரு பழைய குட்டை இருந்தது. திங்கட்கிழமை அவர் அதை மண் போட்டு மூடப்போகிறார். அதன்மேல் பள்ளிக்கூடத்துக்கு நேரான ரோடு வரப்போகிறது. இப்போது தெருப் பிள்ளைகள் எல்லோரும் சேற்றில் நாற்பது நிமிடம் சுற்றித்தான் நடக்கிறார்கள். ரோடு வந்தால் பஸ் வரும்.

"அதுக்குள்ள என்னவோ இருக்கு, ஹரி. மூடினா அது எங்க போகும்?"

"எங்கயோ போகட்டும். நான் வரமாட்டேன்."

லக்சிகா வேலியின் இடைவெளிக்குள் நுழைந்தாள். இரண்டு நிமிடத்தில் பின்னால் ஹரிப்பிரியாவின் மூச்சு கேட்டது. தனியாக நிற்பதற்கு அவளுக்கு அதைவிடப் பயமாக இருந்ததாம்.

பத்து அடி நடந்ததும் உறுமல் சட்டென்று நின்றது.

இருவரும் நின்றார்கள். திரும்பிப் பார்த்தால் வேலியைக் காணவில்லை, வீடுகளையும் காணவில்லை. எல்லாம் வெள்ளை. முன்னால் ஒருவர் உயரமாக நிற்பது போல் தெரிந்தது. ஹரிப்பிரியா லக்சிகாவின் கையைக் கிள்ளியே விட்டாள். கிட்டப் போனால், அது புகைபோக்கி.

அதைத் தாண்டியதும் காலுக்கடியில் மண் குளிர்ந்து, மெத்தென்று ஆனது. நாணல்கள் தெரிந்தன. குட்டைக்கரை. ஒரு சத்தமும் இல்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு இவர்களையே பார்ப்பது போல் இருந்தது.

தூரத்துப் பெருந்தெருவில் ஒரு லொறி முனகிக்கொண்டு போனது.

"க்ர்ர்ராக்," என்றது நாணல். இடது பக்கம் ஒன்று. வலது பக்கம் ஒன்று. பிறகு அவர்களுக்குப் பின்னாலும்.

"லக்சி... தண்ணியைப் பாரு."

தண்ணீரில் பொன்னிறமாக இரண்டு கண்கள். அருகே இன்னும் இரண்டு. பார்க்கப் பார்க்கப் பாசியெல்லாம் கண்களாயின. ஒன்றுகூட இமைக்கவில்லை.

ஹரிப்பிரியா ஓடத் திரும்பினாள். லக்சிகாவுக்கும் ஓடத்தான் தோன்றியது. ஆனால் அவள் மெல்லக் குனிந்தாள். ஒரு ஜோடிக் கண்களுக்குக் கீழே, உள்ளங்கை அளவில், பச்சை உடம்பில் செம்பு நிறத் திட்டுகளோடு ஒரு தவளை. அது தொண்டையை உப்பி உறுமியது.

"இவ்வளவுதானா?" என்றாள் ஹரிப்பிரியா. குரல் மட்டும் இன்னும் நடுங்கியது.

லக்சிகா போனை எடுத்துப் படம் பிடித்தாள்.

மாலை, குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அப்பாவிடம் படத்தைக் காட்டினாள். அவர் கேத்தலைக் கீழே வைத்தார்.

"இதின்ட படம் எங்கட சைட் ஒபிஸ் சுவரில ஒட்டியிருக்கு. அழிஞ்சு போற சாதி. கண்டா வேலையை நிப்பாட்ட வேணும் எண்டு போட்டிருக்கு. போன வருசம் ஆய்வுக்கு வந்த ஆக்கள் பாத்து, இங்க இல்லை எண்டு எழுதிப்போட்டினமே!"

"போன வருசம் குட்டை வத்திக் கிடந்தது, அப்பா."

அவர் நெற்றியைத் தடவினார். "இங்க வேலை நிண்டா என்னை நகரத்தின்ட மற்றப் பக்கம், டண்டினொங்குக்கு அனுப்புவினம். விடிய நாலரைக்கு வெளிக்கிட வேணும். உங்கட பஸ்ஸும் பிந்தும், பிள்ளை."

லக்சிகா திரும்பிப் பார்த்தாள். சேறு அப்பிய சப்பாத்துகள் வாசலில் கிடந்தன.

"தெரியும், அப்பா. திங்கக்கிழமை மெஷினை ஸ்டார்ட் பண்ணி உடன நிப்பாட்டுங்கோ. ஒரு நிமிசம் கேளுங்கோ. பிறகு நீங்களே முடிவெடுங்கோ."

திங்கட்கிழமையும் பனி. லக்சிகாவும் ஹரிப்பிரியாவும் வேலியோரம் நின்றார்கள். மஞ்சள் இயந்திரம் குட்டைக்கரையில் நிழலாகத் தெரிந்தது. பக்கத்தில் பொறியாளர் வாசுதேவன், கையில் வரைபடத்தோடு.

அப்பா இயந்திரத்தை முடுக்கினார். நிலம் அதிர்ந்தது. அரை நிமிடத்தில் நிறுத்தினார்.

உறுமல் நிற்கவில்லை. குட்டை முழுவதும் உறுமியது.

வாசுதேவன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கஜீவன், இன்னொரு மெஷின் எங்க ஓடுது?"

"எல்லாம் நிப்பாட்டியாச்சு, வாசு அண்ணை."

"அப்போ... இது?"

அப்பா இருக்கையிலிருந்து இறங்கினார். சாவியை எடுத்து வாசுதேவன் கையில் வைத்தார். "வந்து பாருங்கோ. நான் இதை மூடமாட்டன்."

அன்றே வேலை நின்றது. முழங்கால்வரை ரப்பர் சப்பாத்துப் போட்ட இரண்டு பெண் ஆய்வாளர்கள் வந்து இரண்டு நாள் எண்ணினார்கள். அறுபத்து மூன்று தவளைகள்.

"அறுபத்து மூணு தவளைக்காக ஒரு ரோடே நிக்குது!" என்று வாசுதேவன் தலையில் கை வைத்தார்.

"ரோட்டைக் கொஞ்சம் வளைச்சா என்ன, அங்கிள்?" என்று வேலிக்கு வெளியிலிருந்து கேட்டாள் லக்சிகா.

"சும்மா வளைக்க முடியுமா, கண்ணு? புது வரைபடம், புது அனுமதி..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். புகைபோக்கியைப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம் இருந்த மேட்டைப் பார்த்தார். பென்சிலைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார்.

கிறிஸ்துமஸுக்குத் திறக்க வேண்டிய ரோடு ஏப்ரலில்தான் திறந்தது. அதுவரை அப்பா விடிய நாலரைக்கு டண்டினொங் போனார். பிள்ளைகள் சுற்றித்தான் நடந்தார்கள். இரண்டாவது முறை சேற்றில் சப்பாத்து மாட்டிக்கொண்ட அன்று, "எல்லாம் உன்னாலதான்" என்று சொன்ன ஹரிப்பிரியா மூன்று நாள் லக்சிகாவோடு பேசவில்லை. நான்காம் நாள் அவளே வந்து, "சும்மா, அந்தக் குட்டைப் பக்கம் போய்ட்டு வரலாமா?" என்று கேட்டாள்.

முதல் பஸ் வந்த காலையில் லக்சிகா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மேட்டருகே பஸ் மெல்ல வளைந்து திரும்பியது. கீழே நாணல்களுக்கு நடுவே தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. பஸ்ஸுக்குள் பேச்சு தானாக அடங்கியது. ஓட்டுநர்கூட ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

ஹரிப்பிரியா லக்சிகாவின் மடிமேல் சாய்ந்து, மூக்கைக் கண்ணாடியில் அழுத்தியிருந்தாள்.

"நாளைக்கு இந்த சீட் எனக்கு," என்றாள்.