முன்னால் வந்த பெட்டி

"மூணாவது பாலம் தாண்டினா குகை. குகைக்குள்ள கிரீடம். கெளம்புங்கடா!"

நவநீதன் சொன்னதும் பூவிழியும் சிராஜும் பையை மாட்டிக்கொண்டார்கள். அம்மன் கோயில் வெள்ளிக் கிரீடத்தைத் திருடியவன் சாகும்போது பூசாரியிடம் சொன்ன அடையாளம் அது. ஊர்க்காரர்கள் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள். திருவிழாவுக்குள் கொண்டு வருகிறேன் என்று நவநீதன் சவால் விட்டிருந்தான். தலைவன் யார் என்று மற்ற இருவரையும் அவன் கேட்கவே இல்லை!

மலை ரயில் பாதையிலேயே ஏறினார்கள். நடக்கக் கூடாத இடம்தான். குறுக்குவழி என்றான் தலைவன். மூன்றாவது பாலத்தைச் சிராஜ் முதலில் கடந்தான். மற்ற இருவரும் அதில் கால் வைக்கும்போது கீழே எங்கோ எஞ்சின் மூச்சு வாங்கியது. ரயில் போகட்டும், ஒதுங்கி நிற்கலாம் என்றாள் பூவிழி.

"சத்தம் எங்கியோ கேக்குது. எஞ்சின் வர்றதுக்குள்ள ஒரு டீயே குடிச்சரலாம், வா" என்றான் நவநீதன்.

பாதிப் பாலத்தில் பூவிழி கால் இடறிக் குனிந்தபோது, அவள் பையின் வார், ஏற்றத்தில் எஞ்சின் பற்றி ஏறும் நடுத் தண்டவாளத்தின் இரும்புப் பல்லில் மாட்டிக்கொண்டது. அதே நேரம் பின்னால் வளைவில் நீலப் பெட்டி ஒன்று, எஞ்சினே இல்லாமல், சத்தமின்றி வந்தது.

"நவநீதா!"

அவன் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு ஓடினான். எதிரே வந்த சிராஜ் அவனை இடித்துத் தள்ளிவிட்டுப் பூவிழியை நோக்கிப் பாலத்துக்குள் பாய்ந்தான்.

பெட்டியின் முகப்பில் நின்ற கொடிக்காரர் சிவப்புக் கொடியை வீசினார், பிரேக்கைச் சுற்றினார். கை நீட்டினால் தொடும் தூரத்தில் பெட்டி நின்றது.

"மலை வண்டிய எஞ்சின் பின்னால நின்னுதான் தள்ளும். முன்னால பாக்கற கண்ணு நாந்தேன்" என்றவர் சுற்றிலும் பார்த்தார். "உன்ற கூட வந்தவன் ஒருத்தன் எங்க, கண்ணு?"

பூவிழி குனிந்து, சிராஜோடு சேர்ந்து பை வாரைப் பல்லிலிருந்து விடுவித்தாள். புதருக்குப் பின்னால் நின்ற நவநீதனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ரயில் போனபின் அவனும் வந்து சேர்ந்துகொள்ள, மூவரும் குகைக்குப் போனார்கள். குகையின் உள்பொந்தில் ஒல்லியான பூவிழியால்தான் நுழைய முடிந்தது. வௌவால் எச்சத்துக்குள் கைவிட்டு, கிரீடத்தோடு வெளியே வந்தாள். அவளாவது திட்டியிருக்கலாம், இறங்கும் வழியெல்லாம் பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவனைக் கொன்றது.

அவர்கள் கிரீடத்தோடு மலையிறங்குவதைப் பார்த்துவிட்ட ஊர்க்காரர்கள் எல்லையிலேயே மேளத்தோடு காத்திருந்தார்கள். தர்மகர்த்தா முதல் மாலையைத் தலைவனுக்கே போட்டார். சிராஜ் தரையைப் பார்த்தான். ரோஜா மாலை நவநீதன் கழுத்தில் கல்லாய்க் கனத்தது. கழற்றிவிட்டான்.

"கிரீடத்த எடுத்தது பூவிழிங்க. ரயில் வந்தப்ப அவள விட்டுட்டு ஓடுனது நானுங்க."

மேளம் நின்றுவிட்டது. அவன் அப்பா கூட்டத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பூவிழி மாலையை வாங்கிக் கிரீடத்தின் மேல் வைத்தாள். பிறகுதான் அவனை நேராகப் பார்த்தாள்.

"அடுத்த தடவ நீ பின்னால வா. முன்னால நான் பாத்துக்கறேன்."

தலையாட்டிவிட்டு, கோயிலை நோக்கி நடந்தவர்களின் கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டான் நவநீதன்.