கடைசி ஒட்டகத்தின் மணி

துன்ஹுவாங் நகருக்குப் போகும் பாலைவனப் பாதையில் உப்புக் கிணற்றுச் சத்திரத்தை நாங்கள் அடைந்தபோது பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. மதியம் அடித்த மணற்காற்று ஓய்ந்திருந்தது. பொதிகளை இறக்கச் சொல்லிவிட்டு அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். பத்தொன்பது ஒட்டகங்களில் பதினெட்டுதான் நின்றன.

கடைசிக் கயிறு அறுந்து தொங்கியது.

கடைசி ஒட்டகத்தோடு நடந்து வந்தவன் என் தம்பி பர்னக்.

சமர்கந்துக்காரர்களான எங்கள் வழக்கத்தில் மணி கடைசி ஒட்டகத்துக்கு மட்டும்தான். அது கேட்கும்வரை வரிசை அறுபடவில்லை என்று அர்த்தம். முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. நானும் பார்க்கவில்லை. மணற்காற்றுக்குள்ளும் மணி கேட்டுக்கொண்டேதான் வந்தது.

இப்போதும் கேட்டது. தூரத்தில், ஒட்டகம் நடக்கிற வேகத்தில்.

காலையில் பர்னக் கால் கொப்புளத்தைக் காட்டி, முன்னால் வரட்டுமா என்று கேட்டிருந்தான். வெள்ளிப் பொதி பின்னால் இருக்க, முன்னால் வந்து என்ன கிழிக்கப் போகிறாய் என்று கத்தினேன்.

"நான் கூப்பிட்டா திரும்பிப் பாப்பியாண்ணே?"

"மணி கேட்டாப் போதும் எனக்கு. நொண்டாம நட."

மணிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே ஓடினோம். எவ்வளவு ஓடினாலும் அது அதே தூரத்தில் இருந்தது.

சட்டென்று நின்றது.

அங்கே ஒட்டகம் மண்டியிட்டுக் கிடந்தது. அதன் வயிற்றோரம், மணலுக்குள் பாதி புதைந்து, பர்னக். திறந்த வாய் நிறைய மணல். என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே செத்திருக்கிறான். பாவி நான், மணியைக் கேட்டுக்கொண்டு நடந்திருக்கிறேன்.

அந்த மணியை அவிழ்த்தேன். உள்ளே கம்பளித் துணி இறுக அடைத்திருந்தது.

அன்று வழியில் கடந்த கொள்ளைக்காரர் கணவாயில் சத்தம் வரக் கூடாதென்று அடைக்கச் சொன்னவன் நான்தான். எடு என்று நான் சொல்லும்வரை எடுக்கக் கூடாது. கணவாயைத் தாண்டியதும் மணி கேட்டது. பயல் சொல்லாமலே எடுத்துவிட்டான் என்று விட்டுவிட்டேன்.

அவன் எடுக்கவேயில்லை.

அதற்குப் பிறகு என் வரிசையில் நான் மணி கட்டுவதில்லை. பதினெட்டு ஒட்டகங்களோடு போன வாரம் அதே சத்திரத்துக்குப் போனேன். கிணற்றுக்காரர் ஷாயன் புதிதாக வந்தவர், எங்கள் கதை தெரியாதவர். தண்ணீர் இறைத்துக்கொண்டே வாசலைப் பார்த்தார்.

"மணி கட்டின ஒட்டகத்த மட்டும் ஏன் வெளியவே விட்டுட்டீங்க?"

நான் ஒட்டகங்களை எண்ணினேன். பதினெட்டும் உள்ளேதான் நின்றன.

"அதோட வந்த ஆளு நொண்டிக்கிட்டு நிக்கிறாரு பாருங்க. அப்பலேர்ந்து கூப்பிடுறாரே, உங்க காதுல விழலையா?"

எனக்கு மணி மட்டும்தான் கேட்டது.