‘ஓவர்’ சொல்லாத நிலையம்

எழுத்துத் துறையில் எவ்விதப் பயிற்சியும் இல்லாத நான், வாசகப் பெருமக்கள் முன்னிலையில் பேனா பிடிக்கத் துணிந்தமைக்காக முதலில் மன்னிப்புக் கோருகிறேன். பிழைகளைப் பொறுத்தருள வேண்டும். இரவில் வாசிப்பவர்கள், முடித்த பின்னரும் சற்று நேரம் விளக்கை அணைக்காதிருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு. கொழும்பில் ஜப்பானியரின் குண்டு விழுந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கொட்டாஞ்சேனையில் ஓர் ஏலக்காய் வியாபாரியின் பழைய வீட்டை இராணுவம் எடுத்துக்கொண்டு, அதன் நிலவறையில் எங்கள் காலாட்படையின் வயர்லெஸ் நிலையத்தை அமைத்திருந்தது. ஒரு பகற்பொழுதில், மழையில் நனைந்தபடி நான் அங்கே கடமைக்குச் சென்றேன். காவலாள் என்னை உள்ளே விட்டு, வெளியிலிருந்து கதவைப் பூட்டினான். இரகசியம் காப்பதற்காகச் செய்யப்பட்டிருந்த ஏற்பாடு அது. சன்னல் கிடையாது. சுவர்களை மண்மூட்டைகள் மறைத்திருந்தன. ஏலக்காய் வாசம் மட்டும் அங்கிருந்து போகவில்லை.

உள்ளே கோப்ரல் மஜீட் இருந்தார். சுடலைமுத்துவோடும் ஹாஷிமோடும் வெள்ளவத்தைக் கடற்கரையில் ரோந்து சென்றிருந்த கிளறன்ஸின் குரல் காதுக்கருவியில் ஒலித்துக்கொண்டிருந்தது; நானும் ஒன்றை மாட்டிக்கொண்டேன்.

“மஜீட் அண்ணே, இங்க சப்பாத்துக்குள்ளயும் மழை. நீங்க சுடச்சுடப் பிளேன்டி குடிச்சுக்கொண்டு சுகமா இருக்கிறீங்களோ? ஓவர்.”

“எங்கடா பிளேன்டி? ஏலக்கா வாசத்த மோந்து மோந்து ஈக்கிறோம். நீ நல்லாக் குளிச்சிட்டு வா. ஓவர்.”

ரோந்தில் செல்லும் கருவி உட்பட, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு குறிப்பெயர் உண்டு. அதைச் சொல்லியே கட்டளையிட வேண்டும் என்பது விதி. அதிகாரிகள் அருகில் இல்லாத வேளைகளில் நாங்கள் அதை விட்டுவிடுவோம். ஒருவர் ‘ஓவர்’ என்று முடித்த பின்னரே மற்றவர் பேசுவார் என்ற விதியை மட்டும் எவரும் மீறியதில்லை. இருவர் ஒன்றாகப் பேசினால் ஒருவர் குரல் எடுபடாது.

நான் ஒரு கட்டளையைக் கொண்டுவந்திருந்தேன். வெள்ளவத்தைக் கடற்கரையின் பதுங்குகுழியில் முந்திய வாரம் மணல் சரிந்து, நேசம் என்ற வயர்லெஸ்காரர் இறந்திருந்தார். குழியைச் செப்பனிட்டிருந்தார்கள். ஆயினும் மழையில் அதன் சுவர்கள் மறுபடியும் ஊறிவிட்டன. கிளறன்ஸும் மற்ற இருவரும் எக்காரணம் கொண்டும் அதற்குள் இறங்கக்கூடாது என்பதே கட்டளை.

அதை நான் மஜீடிடம் சொல்லி முடிக்கவும் அபாயச் சைரன் ஊதவும் சரியாக இருந்தது. வெளியே காவலாளின் காலடிச் சத்தம் ஓடி மறைந்தது.

கதவு பூட்டியபடியே இருந்தது.

“அண்ணே, சைரன் கேக்குது. பழைய ட்ரெஞ்சுக் குழிக்குள்ள இறங்கவோ? ஓவர்.”

மஜீட் வாய் திறந்தார். வேறொரு குரல் முந்திக்கொண்டது.

“நேசம் கதைக்கிறன். கேக்குதோ? இங்க ஒரே இருட்டாக் கிடக்கு. வாயெல்லாம் மண். கேக்குதோ? ஆரும் இருக்கிறீங்களோ?”

மென்மையான குரல். அவசரமே இல்லாத குரல்.

ஏலக்காய் வாசம் அகன்றது. ஈரமணலின் வாடை எழுந்தது.

“இவன்ட சவப்பெட்டிய நான் தூக்கின,” என்று மஜீட் முணுமுணுத்தார். “இந்தத் தோள்ல தூக்கின.”

குரல் ‘ஓவர்’ சொல்லவில்லை.

“இறங்க வாணாம், கிளறன்ஸ். கேக்குதா? இறங்க வாணாம்,” என்று மஜீட் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு சொல்லின் மேலும் அந்தக் குரல் படர்ந்தது. நான் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு ஓடிக் கதவில் தோளால் மோதினேன். அது அசையவில்லை. திரும்பி வந்தேன்.

குரல் குறையவில்லை.

அது மண்மூட்டைகளுக்குள்ளிருந்து வந்தது.

மஜீட் மைக்கை உதட்டோடு அழுத்தினார். “அல்லாவுக்காகச் சொல்றேன், போதும். நிலையத்த மூடு. ஓவர்.”

குரல் நின்றது.

நான் காதுக்கருவியை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

“விளங்கிச்சு அண்ணே,” என்றார் கிளறன்ஸ், மிகத் தெளிவாக. “மூடிட்டு இறங்கிறம்.”

இறந்தவருக்கு இட்ட, குறிப்பெயர் சொல்லாத கட்டளையை உயிரோடிருந்தவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். கருவியை அணைத்து மூடிய நிலையத்துக்கு எந்த அழைப்பும் எட்டாது. அதை அறிந்தும் மஜீட் தொண்டை கிழியும்வரை கிளறன்ஸை அழைத்தார்.

பதில் வந்தது, நேசத்தின் குரலில்.

“நான் மூடயில்ல. நான் இருக்கிறன். கதையுங்கோ.”

காவலாள் கதவைத் திறந்தபோது வெளியே வெயில் அடித்தது. விமானம் எதுவும் வந்திருக்கவில்லை. வெள்ளவத்தைக் குழி மட்டும் மறுபடியும் சரிந்திருந்தது.

பின்னர் நிலையத்தைக் கிருலப்பனைக்கு மாற்றினார்கள். வேறு கருவி, வேறு அலைவரிசை, புதிய மண்மூட்டைகள். நான் அங்கே அமர்ந்த முதல் நாளே, முதுகுக்குப் பின்னால் கிளறன்ஸ் மெதுவாகக் கேட்டார்.

“அண்ணே, இனித் திறக்கலாமோ?”



இழப்புகள் பின்வருமாறு. கிளறன்ஸ், சுடலைமுத்து: கனத்தை மயானத்தில் அடக்கம். ஹாஷிம்: மாளிகாவத்தை மையவாடியில் அடக்கம். கோப்ரல் மஜீடின் பேச்சு: திரும்பவில்லை. வயர்லெஸ் செட் ஒன்று: குழியின் மணல் முழுவதையும் அள்ளிப் பார்த்தும் கிடைக்கவில்லை.