கொதிதாங்கி

நிலாக் குடியிருப்பின் மூன்றாம் கூடத்தில் இருந்த ஒற்றைக்கலத்துக்கு ஓய்வே கிடையாது. வாற்கோதுமைச் சாறு அதிலேயே கொதிக்கும், அதிலேயே ஆறும், அதிலேயே நுரைத்துப் பீராகும். வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டாம், கழுவ வேண்டாம். கொதிநீரிலும் சாகாத ஈஸ்ட் என்னும் நொதிப்பூஞ்சை ஒன்றை, அங்கே பீர் வடிக்கும் ராயப்பன் உருவாக்கியிருந்தார். கொதிதாங்கி என்று பெயரும் வைத்தார். தண்ணீருக்குத் திண்டாடும் இடத்தில் எல்லாரும் அதை வரமென்றே கொண்டாடினார்கள்.

அன்று காலை செவிலி ஜசிந்தாவின் நான்கு வயது மகள் மெர்லின், கஞ்சி குடித்துவிட்டு எழுந்தவள் நாலடி வைப்பதற்குள் சுவரில் மோதினாள். பதறித் தூக்கிய ஜசிந்தாவின் முகத்தில் குழந்தையின் மூச்சு பட்டது. பீர் வாடை.

"ஏட்டி, அத யாரு உனக்குக் குடுத்தா?"

"கஞ்சிதாம்மா குடிச்சேன்." நாக்கு குழறியது.

பிஞ்சு விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கைக்கருவியில் சோதித்தாள். வளர்ந்த ஆளையே தள்ளாடவைக்கும் போதை. அரை மணி கழித்துப் பார்த்தபோது இன்னும் ஏறியிருந்தது. பிள்ளையின் குடலுக்குள் எதுவோ கஞ்சியைப் புளிக்கவைத்துக்கொண்டிருக்கிறது.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ராயப்பனிடம் ஓடினாள்.

"அண்ணே, உங்க ஈஸ்ட்டு எம்புள்ள வயித்துல இருக்கு!"

"கலத்த விட்டு அது எப்படித் தாயி வெளிய வரும்?"

"கலத்து வண்டல் மறுசுழற்சித் தொட்டிக்குத்தான போவுது? அந்தத் தண்ணியக் கொதிக்கவச்சுத்தான நாம சுத்தம் பண்ணிக் குடிக்கோம்? கொதிச்சா அது சாவுமா?"

ராயப்பனின் முகம் வெளுத்தது. தன் விரலை நீட்டினார். கருவி காட்டிய எண்ணைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நேத்துலருந்து நான் ஒரு மடக்குகூடக் குடிக்கல தாயி. சோறு மட்டுந்தான் தின்னேன்."

கையிருப்பில் இருந்த பூஞ்சைக்கொல்லி மருந்து ஒரு குழந்தைக்குத்தான் போதும். அதை மெர்லினுக்குக் கொடுத்து, சோறும் சர்க்கரையும் நிறுத்தினாள். சாயங்காலம் போதை இறங்கத் தொடங்கியது. குடியிருப்பில் இன்னும் அறுபது பேர் இருந்தார்கள். ஜசிந்தா பூமியைக் கூப்பிட்டாள்.

"மருந்து அனுப்புங்க. அதவிட முக்கியம், கொதிதாங்கிய அங்க இறங்க விட்டுராதீங்க!"

தரைநிலையத்தில் இருந்த சிவஞானம் சிரித்தார். "போன கப்பல்லயே வந்துருச்சே மேடம். கடைக்குக் கடை பாக்கெட்ல தொங்குது. எங்க வீட்லகூட இட்லி மாவு புளிக்க அதத்தான்..."

மறுமுனையில் போன் மணி அடித்தது; அவர் அதை எடுத்துப் பேசிவிட்டுத் திரும்பினார்.

"மேடம், பையன் மயங்கிட்டான்னு இப்பத்தான் ஸ்கூல்லருந்து போன் வந்துச்சு. ரெண்டு இட்லிதான் சாப்ட்டுப் போனான். தண்ணிகூட நாங்க நல்லாக் கொதிக்கவச்சு, ஆத்தித்தான் குடுத்தனுப்புறோம்..."