இரண்டிலிருந்து மூன்று வரை

வீட்டில் ஆள் குறைந்தால் கரண்ட் பில்லும் குறைய வேண்டும். குறையவில்லை.

மின் அலுவலகத்தின் புகார் ஜன்னலில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு இது புரியாமல் போகாது. எல்லோரும் அவரை பில் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். பில் ஏறிவிட்டது என்று அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "வீட்டுக்குப் புதுசா யாராவது வந்திருக்காங்களா?" பத்தில் எட்டுப் பேர் அசடு வழிய ஒப்புக்கொள்வார்கள். மாமியார் வந்திருப்பார், மச்சான் வந்து டேரா போட்டிருப்பான், குழந்தை பிறந்திருக்கும். மீதி இரண்டு பேருக்கு அடுத்த வைத்தியம். மெயினை அணைத்துவிட்டு மீட்டரில் இருக்கும் சிவப்பு விளக்கைப் பாருங்கள், அப்போதும் மின்னினால் உங்கள் கரண்ட் வேறு யாருக்கோ போகிறது என்பார்.

இப்போது அவருடைய சொந்த பில் அவர் கையில் இருந்தது. முந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு யூனிட். மனைவி போய் மூன்று மாதம் ஆகிறது. மூன்று மாதமும் அதே கணக்குத்தான்.

கடைசி எட்டு மாதம் அவளுடைய மூச்சு ஒரு பெட்டியின் தயவில் ஓடியது. இடுப்பளவு உயரம், நான்கு சக்கரம். அறையின் காற்றை உறிஞ்சி, ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். இரவும் பகலும் ஒரே உறுமல், நடுநடுவே 'ப்ஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு. நாளுக்கு எட்டு யூனிட் தின்னும். "நான் மூச்சு விடுறதுக்கும் மீட்டர் ஓடுதுங்க" என்று அவளே சிரித்திருக்கிறாள். அவள் போன நான்காம் நாள் வாடகைக் கடைக்காரன் வந்து பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். ரசீதுகூட அலமாரியில் இருந்தது.

அவருக்கு அழுகை வரவில்லை. சாப்பிட்டார், துணி துவைத்தார், ஜன்னலுக்குப் போய் உட்கார்ந்தார். பல் பிடுங்கிய பிறகு கன்னம் இருக்குமே, அப்படி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. அந்த மரப்பு போய்விடக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

வெள்ளிக்கிழமை லைன்மேன் வந்து மீட்டரைச் சோதித்தான். மீட்டரில் பழுது இல்லை. அலுவலகத்தில் எடுத்து வந்த வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தான். பதினொரு மாதம், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எவ்வளவு ஓடியது என்ற கோடுகள்.

"ஃப்ரிட்ஜுன்னா ஏறி இறங்கும் சார். இது கோடு போட்ட மாதிரி ஓடுது. ஏதோ ஒன்னு ராத்திரி பகலா ஓடிக்கிட்டே இருக்கு."

"வீட்டுல ஒன்னும் இல்லப்பா. நான் ஒருத்தன்தான்."

"அதுவும் தினமும் ரெண்டுல இருந்து மூணு வரைக்கும் மட்டும் இறங்குது பாருங்க. மதியம் ஒரு மணி நேரம் எதையாவது அணைச்சு வைக்கிறீங்களா சார்?"

அவர் தண்ணீர் குடித்தார். டம்ளர் பல்லில் இடித்தது.

"ஒரே ஒரு நாள் மட்டும் நாலு பத்து வரைக்கும் போயிருக்கு" என்று லைன்மேன் விரலை நகர்த்திக் காட்டினான். அது என்ன நாள் என்று அவனுக்குத் தெரியாது.

தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்தான். நானூறு யூனிட்டைத் தாண்டினால் அந்த மாதம் முழுவதற்கும் விலை வேறு. ஊருக்கெல்லாம் அந்த எல்லையைச் சொல்லி எச்சரிக்கிறவர், தன் வீட்டு பில் அதைத் தாண்ட விடுவாரா? பெட்டி முழு நேரமும் ஓடினால் நானூற்று நான்கு. நாளுக்கு ஒரு மணி நேரம் அணைத்தால் பத்து யூனிட் மிச்சம். மதியம் ஒன்றரை முதல் ஜன்னல் மூடியிருக்கும். வீட்டுக்கு வந்து அவளுக்குச் சோறு கொடுப்பார். அவள் கண் அயர்ந்ததும் இரண்டு மணிக்குப் பெட்டியை அணைப்பார். சுவிட்சுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, நோட்டும் பென்சிலுமாக அன்றைய யூனிட்டை எழுதுவார். மூன்று மணிக்குப் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்புவார். தூங்கும்போதும் எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு மணி நேரத்தில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று இவர் நினைத்தார். ஐந்து பத்துக்குக் கஷ்டப்படுகிற குடும்பமும் இல்லை. கணக்கு அழகாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கு நாற்காலியிலேயே அசந்து தூங்கிவிட்டார். பென்சில் தரையில் உருண்ட சத்தத்தில் விழித்தார். மணி நாலு பத்து. குனிந்து பென்சிலை எடுக்கும்போது கட்டிலிலிருந்து தொங்கிய கையைப் பார்த்தார். விரல்கள் சுவிட்சுப் பக்கமாக நீண்டிருந்தன. முதலில் பெட்டியைப் போட்டார். அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் போன் செய்தார். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றார்.

வரைபடத்தில் கோடு நாலு பத்துக்கு மேலேறி அப்படியே நின்றது. கடைக்காரன் பெட்டியை ஏற்றிக்கொண்டு போன நாளிலும் அது அசையவில்லை. மறுநாளிலிருந்து மதியம் இரண்டுக்கு இறங்கியது, மூன்றுக்கு ஏறியது. லைன்மேன் போனதும் அவர் தாளை நான்காக மடித்து அடுப்பில் கொளுத்தினார்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். பில் கட்டுவது அவள்தான், கணக்கு அவளுடைய போனில் இருந்தது.

"அப்பா, பில்லு ஏன் குறையவே இல்ல? மணி வாரியா பாக்கலாம்னு போட்டிருக்காங்க. அம்மா இருந்த மாசமெல்லாம்கூட வருது போல."

"நீ எதுவும் பாக்காதம்மா. நான் சரி பண்ணிடறேன். என் வேலையே அதுதானே."

"சரி, நாளைக்கு நாலு மணிக்கு வந்து சேர்ற பஸ்ஸுல வரேன். உக்காந்து சேந்தே பாத்துடலாம்." போனை வைப்பதற்கு முன் கேட்டாள். "அம்மா தூக்கத்துலதானப்பா போனாங்க? கஷ்டப்படலல்ல?"

"இல்லம்மா. தூக்கத்துலதான்."

அவருக்கென்று மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். அவள் அந்தக் கோட்டைப் பார்த்தால் அப்பா என்று கூப்பிட ஆள் இருக்காது. கரண்ட் கசிவை நாளைக்கே கண்டுபிடித்து, இதுதான் காரணம் என்று காட்டிவிட்டால் பழைய மாதங்களைத் தோண்ட வேண்டிய தேவை வராது. அப்படித்தான் அவர் தனக்குத் தானே ஆறுதல் சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை. மணி ஒன்று ஐம்பது. வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் போட்டிருந்தது. தெருவில் ஒரு சைக்கிள் மணி, எங்கோ தண்ணீர்க் குழாய் சொட்டும் ஓசை, அப்புறம் ஒன்றுமில்லை. வாசல் பக்கத்து மீட்டர் பெட்டியைத் திறந்து, போனை அதன் மேல் வைத்துவிட்டு, மெயினை இறக்கினார். மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. ஃப்ரிட்ஜ் ஒரு முறை உதறிக்கொண்டு அடங்கியது.

மீட்டரின் சிவப்பு விளக்கு மின்னியது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். மின்னியது. மறுபடி எண்ணினார். மின்னியது. தூங்குகிற ஒருத்தி மூச்சு விடும் வேகத்தில், அவசரமே இல்லாமல்.

அப்போதுதான் உறுமல் காதில் விழுந்தது. புதிதாகக் கேட்கத் தொடங்கவில்லை. மூன்று மாதமாகவே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. வீட்டில் மற்ற சத்தமெல்லாம் நின்ற பிறகு அது தனியாகத் தெரிந்தது. பின்னறையிலிருந்து வந்தது. நடுவில் 'ப்ஸ்ஸ்'. அவருக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"வீட்டுக்குப் புதுசா யாராவது வந்திருக்காங்களா?" என்று வாய்விட்டுக் கேட்டார். இருபத்தாறு வருடப் பழக்கம்.

கடிகாரம் இரண்டு காட்டியது. விளக்கு நின்றது. உறுமலும் நின்றது.

பின்னறைக்கு நடந்தார். பத்தடி தூரம். ஐந்தாவது அடியில் மூச்சு வாங்கியது. மாடிப்படி ஏறினவர் போலச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்று உள்ளே வந்தது. வந்தும் பற்றவில்லை. கதவைத் தள்ளினார்.

அறையில் யாரும் இல்லை. தைலமும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்தப் பழைய வாசனை. தரையில் நான்கு சக்கரங்களின் தடம். சுவிட்சுக்குப் பக்கத்தில் காலி நாற்காலி. கட்டிலில் விரிப்பு நேற்றுப் போட்டதுபோல நேராக இருந்தது. உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று அதன் விளிம்பில் உட்கார்ந்தார். சரியாகவில்லை. தலை சுற்றியது. சாய்ந்தார்.

தலையணையில் ஒரு பள்ளம் இருந்தது. அவர் தலை அதில் பொருந்தியது.

மூக்குக்குக் கீழே எதுவோ ஜில்லென்று பட்டது. தொட்டுப் பார்த்தார். குழாய். அதில் காற்று வரவில்லை.

எழ முயன்றார். முடியவில்லை. நெஞ்சு ஏறியது. இறங்கியது. ஏறியது. நகங்கள் நீலமாகத் தெரிந்தன. இப்படித்தான் இருந்திருக்கிறது. தினமும். அவள் தூங்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மூன்று மணிக்காகக் காத்துக் கிடந்திருக்கிறாள். எட்டு மாதம். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு மணி நேரம்தான். மூன்றுக்கு வந்துவிடும். வந்துவிடும்.

கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டரை. இரண்டே முக்கால். முள் நகர்வது கேட்டது. மூன்று.

உறுமல் வரவில்லை.

வாசலில் போன் அடித்தது. மகளாக இருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்து கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நின்றது. மறுபடி அடித்தது. அம்மா என்று மகளைக் கூப்பிட நினைத்தார். சத்தத்துக்குக் காற்று வேண்டும்.

கையை நீட்டினார். சுவிட்சுப் பக்கம். கட்டிலுக்கு வெளியே கை தொங்கியது. அப்போது நாற்காலி காலியாக இல்லை.

மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் அவருடைய நோட்டு. பாதியில் நின்ற ஒரு கூட்டல். சுவிட்சு அவளுடைய தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

மணி நாலு பத்து. பென்சில் அவள் விரலிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

அவள் விழிக்கவில்லை.