காலியாகாத அம்பறாத்தூணி

மழையில் நனைந்த புடவைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்த ராமக்காள், கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

அவள் நாற்காலியில் எவனோ உட்கார்ந்திருந்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள்… அவன் டி.வி. திரையில் அவளுடைய வில்லாளிக்கு இரும்புச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, அது எங்காளு. அந்தச் சட்டையக் கழட்டுங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். ஒகேனக்கல்லில் புதுத்தண்ணீர் சுழித்துக்கொண்டு வரும்போது, நடுவில் ஓரிடம் மட்டும் அசையாமல் நிற்குமே… அப்படிப்பட்ட கண்கள். அதில் கொஞ்சமும் பதற்றம் இல்லை. அதுதான் அவளுக்கு முதலில் எரிச்சல் மூட்டியது.

"உங்காளா? ரெண்டு மாசமா இது எங்காளுங்க," என்றான் அவன். "அப்ப தெனமும் இவன் சட்டையக் கழட்டி மூலையில போட்டுட்டுப் போறது… நீங்கதானா?"

எல்லாம் அப்துல் ரஷீத் பாய் பார்த்த வேலை. தருமபுரி கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த அவர், மச்சான் துபாயிலிருந்து கொண்டு வந்த ஒரே ஒரு கம்ப்யூட்டரைக் கடை மாடியில் ஒரு டி.வி.யோடும் டேப் ரெக்கார்டரோடும் இணைத்து வைத்து, வாசலில் 'கம்ப்யூட்டர் சென்டர்' என்று போர்டு மாட்டிவிட்டார். பாடம் முடித்து நேரம் மிச்சமிருந்தால், பெட்டியோடு வந்த விளையாட்டுக் கேசட்டைப் போட்டுக்கொள்ளலாம். யாரிடமும் சொல்லக் கூடாது. காலையில் வரும் ராமக்காளிடம் அவர் இதை ரகசியமாகச் சொன்னார். மாலையில் வரும் இந்தத் தீர்த்தகிரியிடமும் அதே ரகசியத்தை அதே குரலில் சொன்னார். ஆட்டம் எதுவரை வந்தது என்று பதிந்து வைக்க அவர் கொடுத்த கேசட் மட்டும் ஒன்றுதான்.

லேசுப்பட்ட ஆட்டம் இல்லை அது. சாபம் பிடித்த ஒரு கோட்டை. உள்ளே பூதங்களும் காவலர்களும். காலடி கேட்டால் ஓடி வருவார்கள், இரண்டு வெட்டில் ஆள் காலி. ராமக்காள் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்து, தனக்கென்று ஒரு வில்லாளியை உருவாக்கினாள். ஒவ்வொரு படி தேறும்போதும் கிடைக்கிற புள்ளிகளைப் பலம், குறி, பதுங்கல் என்று பிரித்துப் போட வேண்டும். அவள் அத்தனையையும் பதுங்கலில் கொட்டினாள். தன்னைப் பார்க்காத எதிரி மேல் விடுகிற அம்புக்கு மூன்று மடங்கு வலு என்பதை அவளே கண்டுபிடித்திருந்தாள். இருட்டோடு இருட்டாக நின்று, மூச்சை அடக்கி, ஒரே அம்பு…

அவளுக்கு அது பிடித்ததில் ஆச்சரியமில்லை. வெளியில் எங்கே போனாலும் ஊர்க்கண் முழுக்க அவள் மேல்தான். பென்னாகரத்துப் பக்கம் மாடு மேய்க்கிற மாதையன் மகளா? சலுகையில் சீட்டு வாங்கி பி.எஸ்சி. கணக்கு முடித்தவளா? கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கிடைப்பானா? ஒரு மணி நேரமாவது யார் கண்ணிலும் படாமல் இருக்க ஓர் இடம் வேண்டாமா…

ஆனால் காலையில் வந்தால் ஆள் இரும்புச் சட்டையோடு நிற்பான். நடந்தால் கணகணவென்று சத்தம். புள்ளிகள் தானாகப் பலத்தில் ஏறியிருக்கும். கேசட் நாடாவில் ஏதோ கோளாறு என்று அவள் குழம்பினாள். தீர்த்தகிரியோ அந்த வில்லாளியே கேசட்டோடு வந்தவன் என்று நினைத்து, தினமும் எவனோ சட்டையைக் கழற்றுவதைப் பார்த்து அவனும் குழம்பினான். இன்றைக்கு ரோட்டில் ஓடை பெருகி பஸ் நின்றுபோகாமல் இருந்திருந்தால், அவள் மாலையில் வந்திருக்கவே மாட்டாள். இரண்டு பேரும் இன்னும் குழம்பிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

சத்தம் கேட்டு மேலே வந்த ரஷீத் பாய் தாடியைச் சொறிந்தார். இன்னொரு கேசட் தருகிறேன், யாராவது ஒருவர் புது ஆளைச் செய்துகொள்ளுங்கள் என்றார். யார் விட்டுக்கொடுப்பது? அவள் மாட்டேன் என்றாள். அவனும் மாட்டேன் என்றான். கடைசியில், அவளுக்கு நான்கு மணி, அவனுக்கு ஐந்து மணி, கைமாற்றும்போது பேசி முடிவு செய்துகொள்ளட்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அப்படித்தான் அந்த மாடிப்படிப் பேச்சு ஆரம்பித்தது. அவள் மேல்படியில், அவன் கீழ்ப்படியில். நடுவில் நாலைந்து படி இடைவெளி. பார்க்கிறவர்கள் எதுவும் சொல்லிவிடக் கூடாதல்லவா?

பலத்தில் புள்ளி போடுகிறவன் பயந்தாங்கொள்ளி என்பாள் அவள். செத்துப்போன பிறகு பதுங்கி என்ன பிரயோசனம் என்பான் அவன். பாலக்கோட்டில் சர்க்கரை ஆலைக் கிளார்க் மகன். தாத்தா காலத்திலேயே வீட்டுக்குப் பேப்பர் வந்த குடும்பம். அதை நினைத்தாலே அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் ஒரு நாளும் அவளுக்குப் பாடம் நடத்தியதில்லை. சண்டை போட்டான். சமமாக உட்கார்ந்து, அவள் சொன்னதை முழுசாகக் கேட்டு, அப்புறம் சண்டை போட்டான். இதுவரை அவளிடம் யாரும் அப்படிச் சண்டை போட்டதில்லை.

ஒரு நாள் கோட்டையின் மூன்றாம் தளத்தில் ஒரு பெரிய வில் கிடைத்தது. பலம் உள்ளவனால்தான் அதை வளைக்க முடியும். அவன் போட்டு வைத்திருந்த புள்ளிகள் அதற்குச் சரியாகப் போதுமானவை. அந்த வில்லால், காவலர் காதுக்கு எட்டாத தூரத்து இருட்டிலிருந்து எய்யலாம்… அவள் பதுங்க, அவன் பலம் வளைக்க, வரிசையாக நாலு பேர் சத்தமில்லாமல் சாய்ந்தார்கள்.

படியில் அவனைப் பார்த்ததும், "நம்மாளு இன்னைக்கு…" என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். காது மடல் சுட்டது.

"நம்மாளு… என்ன பண்ணான்? சொல்லுங்க," என்றான் அவன், சிரிக்காமல், கண்ணால் மட்டும் சிரித்து.

ஒண்ணுமில்லை என்று விடுவிடுவென இறங்கிப் போனவளுக்கு, பஸ் பென்னாகரம் போய்ச் சேரும்வரை ஒன்றும் விளங்கவில்லை. கோபமா வந்தது? இல்லையே… பின்னே இது என்ன?

அவனுக்குத் தெரியாத ஒரு சூட்சுமத்தை அவள் பெருமையாகச் சொல்லியும் கொடுத்தாள். இந்த ஆட்டத்தில் பொழுது விடிந்தால் அம்பறாத்தூணி தானாக நிறைந்துவிடும். அதனால் அம்பைச் சிக்கனம் பார்க்காமல் விடலாம். ஆரம்பத்திலிருந்தே பார்க்கிறேன், ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை என்றாள். அவன் ஒரு நொடி அவளையே பார்த்தான். பிறகு, அப்படிங்களா, என்று தலையாட்டிக்கொண்டான்.

அடுத்த வாரம் இரண்டு நாள் அவன் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் ஆட்டத்தை எடுத்தபோது தூணியில் ஒரு அம்புகூட இல்லை.

திரும்பப் போட்டுப் பார்த்தாள். இல்லை. விடிந்தால் நிறைகிற தூணி… எப்படி?

கீழே போய் ரஷீத் பாயிடம் கேட்டாள். அம்பைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? தீர்த்தகிரி தம்பி ஓசூருக்குப் போயிருக்கிறான், அங்கே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை சேரணும் என்றார். இரண்டும் ஒன்றாக அவள் மேல் விழுந்தன. ஆட்டம் தூணியை நிரப்பவில்லை. ஒவ்வொரு மாலையும் நிரப்பி வைத்தது அவன். அவள் பெருமையடித்தபோது, தெரிந்தும் தலையாட்டியவன் அவன்.

வெள்ளிக்கிழமை அவன் படியேறி வந்தான். கையில் ஓசூர் பேக்கரிப் பொட்டலம். அவள் மேல்படியில் நின்றாள்.

"நான் கேட்டனா உங்களை?" என்றாள். "சலுகையில சீட்டு, சலுகையில மார்க்குன்னு ஊரே சொல்லுச்சு. இது ஒண்ணாச்சும் என் கையால ஜெயிச்சேன்னு நெனச்சிட்டிருந்தேன். அதுலயும் என்னைய கையேந்த வெச்சிட்டீங்கல்ல?"

அவன் பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனான்.

போகட்டும்… திங்கட்கிழமை ஓசூர் போகிறவன் இன்றைக்கே போகட்டும். அப்படித்தான் நினைத்தாள். பிறகு ஏன் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை வீம்புக்கு அவளே அம்பு சேர்க்க உட்கார்ந்தாள். அகராதியைப் புரட்டி வழி கண்டு, கோட்டைக்கு வெளியே காட்டில் அலைந்து, ஒவ்வொரு மரமாகத் தேடி, சுள்ளி ஒடித்து, கல்லெறிந்து பறவை வீழ்த்தி இறகு எடுத்து… ஒரு மணி நேரம் முழுசாக ஓடிப்போனது. தூணி பாதிதான் நிறைந்தது. கோட்டைக்குள் ஒரு அடி வைக்கவும் நேரமில்லை.

அவள் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. அப்படியென்றால் அவன்…? இத்தனை நாளும் அவனுடைய ஒரு மணி நேரம் முழுக்கச் சுள்ளி பொறுக்கியே போயிருக்கிறது. அவன் கோட்டைக்குள்ளேயே போனதில்லை. பரிதாபத்துக்கு ஒருவன் ஒரு நாள் செய்வான், இரண்டு நாள் செய்வான். தினமுமா? எதற்கு?

கோபம் அப்படியேதான் இருந்தது. அதற்கடியில் வேறு ஏதோ ஒன்று கிடந்து புரண்டது. அதற்குப் பெயர் வைக்க அவளுக்குத் துணிவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. கேட்காமல் விட்டால் திங்கட்கிழமைக்குப் பிறகு கேட்க ஆள் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்ன சொல்லிக் கிளம்புவது என்று யோசித்தாள். பொய் வரவில்லை. பாலக்கோட்டில் ஒருத்தரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கணும் என்று அப்பாவிடம் உள்ளதையே சொன்னாள். மாதையன் மகளை ஏற இறங்கப் பார்த்தார். "கேட்டுப்புட்டு இருட்டறதுக்குள்ள வூடு வந்து சேரு," என்றார். அவ்வளவுதான்.

பாலக்கோட்டில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தக்காளி மண்டியில் சாக்கை முக்காடு போட்டுக்கொண்டு கூடை இறக்குகிறவர்களிடம் விசாரித்து, ஆலைக் கிளார்க் வீட்டைக் கண்டுபிடித்தாள். தீர்த்தகிரி வாசலில் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கயிறு கை நழுவியது. அப்படியே மழையில் இறங்கி வந்து வேலிப்படல் ஓரம் நின்றான்.

"எதுக்குச் செஞ்சீங்க?" என்றாள். "பரிதாபம்னா பரிதாபம்னு சொல்லிருங்க. போயிடறேன்."

அவன் தலையை ஆட்டினான். மழை அவன் இமையில் தங்கி, சொட்டி…

"எனக்குப் பதுங்க வராதுங்க. உள்ள போனா செத்துருவேன். மொதல்ல சும்மா பொழுதுபோகத்தான் காட்டுல அம்பு சேத்துக்கிட்டிருந்தேன். அப்பறம் நீங்க போயி, அங்க என்ன பாத்தீங்க, எவனை எப்புடிச் சாய்ச்சீங்கன்னு படியில நின்னு சொல்லுவீங்கல்ல… கண்ணு ரெண்டும் அப்புடியே எரியும். அதைக் கேக்கத்தான் தெனமும் பஸ் ஏறி வந்தேன். அம்பு இல்லாட்டி நீங்க எங்க உள்ள போவீங்க? அப்பறம் எனக்கு யாரு வந்து சொல்லுவா? இது சலுகை இல்லீங்க… என் சுயநலம். அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொன்னா நிறுத்தச் சொல்லிருவீங்கன்னு பயம்."

சொல்ல வேண்டுமென்று வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த திட்டெல்லாம் எங்கே போயிற்று? ராமக்காள் முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். மழைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராதுங்க," என்றாள். "கோவம் இன்னும் தீரலை. ஆனா நீங்க இல்லாம இதை யாருகிட்ட காட்டறதுன்னு தெரியலை. உங்களப் புடிச்சிருக்கு. எப்பயிருந்துன்னு கேட்டா… அதுவும் எனக்குப் புரியலை."

அவன் உதடு அசைந்தது. "எனக்கு… அந்த மழை நாள்லயிருந்துங்க."

வீட்டுக்குள்ளிருந்து அவன் அம்மா சின்னம்மாள் எட்டிப் பார்த்தாள். மழையில் யாருடா அந்தப் பொண்ணு, என்ன வேணுமாம் என்று கேட்டாள். தீர்த்தகிரி அம்மா பக்கம் திரும்பினான்.

ராமக்காளே பதில் சொன்னாள். தெருவில் தக்காளிக் கூடை தூக்கிப் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

"பென்னாகரத்துப் பக்கமுங்க. மாதையன் மக. பேரு ராமக்காள். உங்க பையனைத்தான் பாக்க வந்தேனுங்க."