விடு என்று சொல்லும்வரை

பிரேக் பிடிக்காமல் மலைச்சரிவில் உருண்டு, ஒரு மனிதனைக் கொன்றுவிட்டு, இருபத்திரண்டு நாள் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த நாலு சக்கர பைக்கின் பிரேக் லிவர், அவள் முதல் தடவை அழுத்தியபோது கல்லாக இருந்தது.

அப்படி இருக்க நியாயமில்லை. குழாய்க்குள் காற்று புகுந்த பிரேக், பஞ்சுத் தலையணை மாதிரி அமுங்கும். அவள் கையை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை எந்த எதிர்ப்பும் இல்லாமல் லிவர் ஹேண்டில்பாரோடு போய் ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் யாரோ இறுக்கிப் பிடித்திருந்துவிட்டு, அவள் தொட்டது தெரிந்ததும் பிடியைத் தளர்த்தியதுபோல.

"என்ன டிகிரி, வண்டிக்கு ஜோசியம் பாக்கறியா?" என்றார் பெரியப்பா, ஷட்டருக்கு வெளியே குடையோடு நின்றபடி.

குடும்பத்திலேயே முதலில் கல்லூரிப் படி ஏறியவள் அவள்தான். நாலு வருடம் எந்திரங்களைப் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல், மலைப்பாதையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு வண்டி விடும் பெரியப்பாவின் கொட்டகையில் ஸ்பானர் பிடிக்கிறாள். படித்ததற்கு அங்கே கிடைத்த ஒரே மரியாதை அந்தப் பட்டப்பெயர்.

"ஆயில மட்டும் மாத்து. நாலு மணிக்கு ஆளுங்க வராங்க. உங்கக்காதான் முன்னாடி ஓட்டிட்டுப் போகணும்."

"அத்தான் செத்த வண்டியிலயா பெரியப்பா?"

"அவளே கேட்டா, அதே வண்டிதான் வேணும்னு. உனக்கென்ன? அவன் வேகமாப் போயிருப்பான். வண்டியில ஒரு குறையும் கிடையாது."

"குறையில்லாத வண்டிக்கு எதுக்கு ஆயில் மாத்தணும்?"

பெரியப்பா குடையை ஒரு சுற்று சுற்றினார். "படிச்சவளுக்கு வாய் ரெண்டு முழம். முடிச்சதும் 'பிரேக் சரி'ன்னு பலகையில எழுதி உன் பேரப் போடு. உன் பேர், புரியுதா?" என்று சொல்லிவிட்டு மழைக்குள் நடந்தார்.

புரிந்தது. நாளைக்கு ஏதாவது ஆனால் அவர் விரல் நீட்டுவதற்கு ஒரு பெயர் வேண்டும். அது கிடக்கட்டும். நாலு மணிக்கு அக்கா இந்த வண்டியில் ஏறி, அதே சரிவில் இறங்கப் போகிறாள் என்பதுதான் அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது.

மணி இரண்டரைதான். ஆனால் மேகம் இறங்கிவந்து கொட்டகையின் வாசலை அடைத்திருந்தது. தகரக் கூரையில் மழை ஒரே சீராக உருண்டுகொண்டிருக்க, மூலையில் அடுக்கிய பழைய டயர்களிலிருந்து ஈர ரப்பர் நாற்றம் எழுந்து, பெட்ரோல் வாடையோடும் கிரீஸ் வாடையோடும் கலந்து தொண்டையில் படிந்தது. ஹேண்டில்பாரில் இருந்த ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தாள். தேன் நிறத்தில் இருக்கவேண்டிய பிரேக் ஆயில், கரியைக் கரைத்த தண்ணீராக இருந்தது. மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாற்றியது அத்தானேதான்.

அத்தான் வேலை செய்யும் அழகு அவளுக்குத் தெரியும். கல்லூரியில் சொல்லித்தராததையெல்லாம் அவரைப் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டாள். அப்படிப்பட்டவர் குழாயில் காற்றை விட்டுவைத்தார் என்று யார் சத்தியம் செய்தாலும் அவள் நம்பத் தயாராயில்லை.

"வந்துட்டேன், வந்துட்டேன்" என்று போனைப் பார்த்துக்கொண்டே வந்தான் பெரியப்பா மகன். எங்கே நின்றாலும் எதிலாவது சாய்ந்தே நிற்பான். அதனால் கொட்டகையில் அவன் பெயர் ஸ்டாண்டு. அவளைவிட இரண்டு வயது மூத்தவன்.

"அண்ணா, போன உள்ள வை. லிவர நாலு விரலாலயும் அழுத்து. நான் விடுன்னு சொல்றவரைக்கும் விடாத."

"எனக்குத் தெரியாதா? பாடம் எடுக்காத."

இரண்டு பேர் செய்யவேண்டிய வேலை இது. ஒருவர் மேலே லிவரை அழுத்திப் பிடிக்கவேண்டும். இன்னொருவர் கீழே சக்கரத்தருகே நிப்பிள் என்கிற சின்னத் திருகைக் கால் சுற்று திறக்கவேண்டும். அதில் மாட்டிய ட்யூப் வழியாகப் பழைய ஆயிலும் காற்றும் பாட்டிலுக்குள் இறங்கும். நிப்பிளை மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் கையை எடுக்கவேண்டும். மூடும் முன்னே எடுத்தால், வெளியேறிய காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும். கீழே இருப்பவருக்கு மேலே இருக்கும் கை தெரியாது. முழுக்க முழுக்க வாய்ச்சொல்லை நம்பி நடக்கிற வேலை.

அவள் இடது சக்கரத்துக்குக் கீழே அட்டையை விரித்துப் படுத்தாள். மட்கார்டு மேலே எல்லாவற்றையும் மறைத்தது. வண்டிக்கு அடியில், அந்தப் பக்கம், அவனுடைய நீல ரப்பர் செருப்புகள் மட்டும் தெரிந்தன.

"அழுத்து."

"அழுத்தியாச்சு."

"பிடி." திறந்தாள். கறுப்பு ஆயில் ட்யூபில் புழு மாதிரி நெளிந்து இறங்கியது. மூடினாள். "விடு."

'டிக்' என்று லிவர் திரும்பும் ஓசை.

பத்துத் தடவை. பதினைந்து தடவை. ஆயில் வெளுத்தது, குமிழிகள் நிற்கவில்லை. இரண்டு குமிழி, ஒரு இடைவெளி. இரண்டு குமிழி, ஒரு இடைவெளி. அந்த இடைவெளி எப்போதும் ஒரே அளவாக இருந்தது. தூங்குகிறவன் மூச்சுக்கு அப்படி ஒரு அளவு உண்டு.

"அன்னிக்கு அத்தான் ஆயில் மாத்தும்போது லிவர யார் பிடிச்சா?" என்று கேட்டாள்.

"அவர் தனியாத்தான் செஞ்சார்."

"தனியாவா? அவருக்கு மூணு கையா?"

"ஏய், போலீஸ் வேலையா பாக்கற? கயிறு கட்டிருப்பார். எனக்கென்ன தெரியும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரியாதவன் அவன். குரலே காட்டிக்கொடுத்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "அழுத்து" என்றாள்.

லிவர் கிறீச்சிட்டது. திறந்தாள். ஆயில் சீராக, ஒரே அழுத்தத்தில், நல்ல கைக்காரன் பிடித்ததுபோல இறங்கியது. மூடினாள். "விடு." டிக். "அழுத்து." கிறீச். திறந்தாள். இத்தனை நேரமாக இல்லாத ஒழுங்கு. அவன் இப்போதுதான் ஒழுங்காகச் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டே வண்டிக்கு அடியில் பார்த்தாள்.

செருப்புகள் இல்லை.

தலையைத் திருப்பினாள். நீலச் செருப்புகள் ஷட்டர் அருகே இருந்தன. அவன் அங்கே சாய்ந்து, முதுகைக் காட்டி, போனில் சிரித்துக்கொண்டிருந்தான்.

நிப்பிள் திறந்தே இருந்தது. ஆயில் இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் கை தானாக மூடியது. சத்தமே வராமல், உதட்டால் மட்டும், "விடு" என்றாள்.

டிக்.

எழவில்லை. எழுந்தால் பார்க்கவேண்டும். கயிறு ஏதாவது கட்டியிருக்கிறானா? விளையாட்டு காட்டுகிறானா? அவனுக்கு அவ்வளவு மூளை ஏது. ஈர ரப்பர் வாடைக்கு நடுவே வேறொரு வாடை மெல்ல இறங்கியது. நனைந்த மண். அத்தான் விழுந்த பள்ளத்தின் மண்.

செருப்புகள் தப் தப்பென்று திரும்பி வந்தன.

"என்ன, முடிஞ்சுதா?"

"நீ எப்ப போன?"

"இப்பத்தான். நீதான் கூப்பிடவே இல்லையே."

அவள் ஸ்பானரை இறுக்கிப் பிடித்தாள். அதிர்ச்சிக்கு அடியில் பழைய கோபம் அப்படியே கிடந்தது. "அழுத்துண்ணா. கடைசி தடவை."

"அழுத்தியாச்சு."

திறந்தாள். "பிடி."

ஆயில் இறங்கியது. லிவர் ஹேண்டில்பாரோடு சேரும் ஓசை கேட்டது. அவள் மூடினாள். ஆனால் 'விடு' என்று சொல்லவில்லை.

"அன்னிக்கு யார் பிடிச்சா?"

"சொன்னேனே, எனக்கு..." அவன் நிறுத்தினான். "ஏய். என்ன பண்ற?"

"நான் ஒண்ணும் பண்ணல."

"லிவர் வரல. கை வரல. டிகிரி, என் கை..."

செருப்புகள் தரையில் உரசின. பின்னால் இழுத்தன. நின்ற இடத்திலேயே வழுக்கின. எதன் மீதும் சாயாமல் அவன் நிற்பதை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள்.

"நான்தான்!" அவன் குரல் கிழிந்தது. "நான்தான் பிடிச்சேன். போன் வந்துச்சு. அவர் மூடறதுக்குள்ள விட்டுட்டேன். விட்டுட்டியான்னு கேட்டார். இல்லன்னு சொன்னேன். நம்பிட்டார். என்ன நம்பிட்டார், டிகிரி. அப்பாவுக்கும் தெரியும். விடச் சொல்லு. விடுன்னு சொல்லு!"

மழை கூரையில் உருண்டது. பாட்டிலில் இரண்டு குமிழி. இடைவெளி. நிப்பிள் மூடியிருந்தது. இரண்டு குமிழி.

அவளுக்கு ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சொல்ல மனம் வரவில்லை.

பிறகு சொன்னாள். "விடு."

லிவர் திரும்பவில்லை.

"விடு." உரக்க. "அத்தான். விடுங்க."

எலும்பு நெரியும் சின்னச் சத்தம். அவன் கத்தவில்லை, காற்று மட்டும் வந்தது.

வெளியே மழையில் காலடி. அக்காவின் பூட்ஸ். நாலு மணிக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது, முன்னதாகவே வந்துவிட்டாள். "ஆயிடுச்சா?" என்று கேட்டபடி பாதி இறங்கியிருந்த ஷட்டரை உயர்த்தினாள். "நான் எடுக்கலாமா?"

கீழே கிடந்தவள் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பார்த்தாள்.

லிவரைச் சுற்றி அவனுடைய நாலு விரல்கள். விரல்களின் மேலே, தோல் நாலு இடங்களில் உள்வாங்கி, ரத்தம் ஒதுங்கி, சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வேறொரு கை அதை மூடிப் பிடித்திருந்தால் விழும் பள்ளங்கள். கை இல்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒரு பள்ளம் மெல்ல மேலெழும்பியது. தோல் சிவந்தது. பிறகு ஒரு நூல் தள்ளி, இன்னும் ஆழமாக, மறுபடி பதிந்தது. ரொம்ப நேரம் பிடித்திருக்கவேண்டிய வேலைக்காரன், விரலை வசதியாக மாற்றிவைத்துக்கொள்வதுபோல.